நான் கட்டாத பாட்டு

குழுவை விட்டுவிட்டுத் தனியாகப் பாடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மாதத்துக்கு ஒருவராவது என்னைப் பார்க்க வருகிறீர்கள். பொத்தேரி கல்லூரிப் பக்கம் சாப்பாட்டுக் கடைகளில் பாடுகிறவர்கள், கடற்கரைச் சாலை ஓட்டல்களில் சனி ஞாயிறு பாடுகிறவர்கள். எல்லோரும் குரலைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எந்தச் சுருதி ஒத்துவரும், குளிர்ந்த தண்ணீர் குடிக்கலாமா, பனிக்காலத்தில் என்ன செய்வது. அதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் பல வருடம் மேடையில் நின்றவன், பெரிய பெயர் எடுத்தவன் இல்லை. நான் செய்த சில தவறுகளைச் சொல்ல முடியும். தனியாகப் பாட வந்த முதல் சில வருடங்களில் செய்தவை. அவற்றில் பாதி, பாடும்போது செய்தவையே அல்ல.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் நான்கு பேர் ஒரு குழு வைத்திருந்தோம். அப்போது அதை 'பீட் குரூப்' என்பார்கள். கோவளத்தில் உப்பளத்தை ஒட்டி ஒரு காலிக் கிடங்கு இருந்தது. அங்கேதான் பயிற்சி. அதனால் குழுவின் பெயரும் 'சால்ட் பேன்ஸ்'. உப்புக் காற்றில் கிட்டார் கம்பி அடிக்கடி துருப்பிடித்து அறுந்துபோகும். ஆம்ப்ளிபயரை ஒரு ரேடியோ மெக்கானிக் செய்து கொடுத்திருந்தார். ஈரம் ஏறினால் அது பாட்டுக்கு நடுவில் வானொலிச் செய்தி வாசிக்கும். சென்னைக் கல்லூரிகளில் எங்களுக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது.

நான் பாடுகிறவன். ஜமால். செங்கல்பட்டு கடைத்தெருவில் எங்கள் அத்தா குடையும் டிரங்குப் பெட்டியும் விற்றார். கிட்டார் வாசித்தவன் ஏழுமலை. கோவளத்துக்குப் பக்கத்தில் வேர்க்கடலை பயிரிட்ட குடும்பம். டிரம்ஸுக்கு ஒருவர், பாஸ் கிட்டாருக்கு ஒருவர். அவர்கள் இரண்டு பேரும் இந்தக் கதைக்குள் அதிகம் வரமாட்டார்கள்.

நாங்கள் பாடியது ஆங்கிலப் பாட்டு. பாதிச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. அப்படி இருக்கையில் ஒருநாள் ஏழுமலை ஒரு தமிழ்ப் பாட்டைக் கொண்டுவந்தான். அவனே எழுதி, அவனே மெட்டுக் கட்டியது. முட்டுக்காட்டு உப்பங்கழியில் தோணி ஏறும் ஒரு பெண் தோணிக்காரனிடம் சொல்கிறாள்: 'கொஞ்சம் நில்லு தோணிக்காரா, தண்ணி இன்னும் தூங்கல.' காதலனை விட்டுப் போகும் பெண் என்று நான் முடிவு செய்துகொண்டேன். வேகத்தைக் கூட்டினேன். 'நில்லு' என்ற இடத்தில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்தச் சொல்லி, கையை ஓங்கி, ஒரு விசில் அடித்துவிட்டுத் தொடர்வேன். கூட்டமும் சேர்ந்து விசில் அடிக்கும். ஏழுமலை எதுவும் சொல்லவில்லை. அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. எங்கள் எல்லாப் பாட்டிலும் அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

ஒரு கல்லூரிப் போட்டியில் சினிமா இசைக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "குரல் நல்லா இருக்கு தம்பி. குழுவெல்லாம் வேணாம், தனியா வந்து பாருங்க" என்றார். மூன்று வாரம் அவர் சொன்ன இடத்தின் வராந்தாவில் உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் 'தனியா' என்ற சொல் மட்டும் மண்டைக்குள் தங்கிவிட்டது. கிடங்குக்குப் போய், நான் விலகிக்கொள்கிறேன் என்றேன்.

"இன்னாத்துக்கு?" என்றான் ஏழுமலை. கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கவில்லை.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "ஜனம் எதுக்கு வருது? பாடறவன பாக்கத்தான வருது?" என்றேன்.

"அப்ப நாங்க இன்னா, பந்தக்காலா?"

"நான் அப்பிடிச் சொல்லல."

"சொல்லிட்ட மச்சான். போறதுன்னா போ. எங்களாண்ட காரணம் சொல்லிகினு நிக்காத."

விலகியது தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஒரு குழு இருபது வருடம் இருந்தாக வேண்டும் என்று சட்டமா? ஆனால் போகிறவன், தான் போவதற்கு நியாயம் தேடி, இருப்பவர்களைச் சின்னவர்கள் ஆக்கிவிட்டுப் போக வேண்டியதில்லை. நான் அதைச் செய்தேன். நான் இல்லாமல் அவர்கள் சில மாதம் வாசித்தார்கள், பிறகு கலைந்தார்கள். ஏழுமலைக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீசியன் வேலை கிடைத்தது என்று யாரோ சொன்னார்கள்.

எனக்குக் கிடைத்த முதல் தனி நிகழ்ச்சி மாமல்லபுரம் கடற்கரையில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஓட்டலில். சாயங்காலம் நாலு மணிக்கு, தேநீர் நேரத்தில் பாட வேண்டும். பியானோ வாசிக்க அங்கேயே ஒரு அம்மாள் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், பூப்போட்ட கவுன், மூக்கின் நுனியில் கண்ணாடி. எல்லோரும் 'மேடம்' என்றே கூப்பிட்டதால் அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.

முதல் பாட்டில் நான் நுழைய வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். மேடம் ஒரு சுற்று கூடுதலாக வாசித்துச் சமாளித்தார். இரண்டாவது பாட்டிலும் அதே கதை. மூன்றாவதில் முன்னாலேயே நுழைந்து, தனியாக மாட்டிக்கொண்டேன். தாளம் பிசகாத பாடகன் என்று என்னைச் சொல்வார்கள். நானும் அதை நம்பியிருந்தேன். அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் எட்டு இடத்தில் தப்பு.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடம் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். "நீ ஏன் இடதுபக்கமே பாக்கறே? அங்க என்ன இருக்கு?"

அங்கே ஒன்றும் இல்லை. ஒரு தொட்டியில் குரோட்டன்ஸ் செடி. யோசித்த பிறகுதான் புரிந்தது. மூன்று வருடமாக என் இடதுபக்கம் நின்றவன் ஏழுமலை. நான் நுழைய வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அவன் கிட்டாரின் கழுத்தை ஒரு விரற்கடை கீழே இறக்குவான். நான் அதைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறேன். பார்க்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

"மேடம், நாளைக்கு நீங்க எனக்குக் கொஞ்சம் தலையாட்டினா..."

"மாட்டேன்" என்றார். "எனக்குக் கழுத்து வலி. எண்ணக் கத்துக்கோ, இல்லாட்டி ஆட்டுறதுக்கு ஆள் இருக்கற இடத்துக்கே போ."

அவர் ஆட்டவே இல்லை. இரண்டு வாரம் அசிங்கப்பட்டேன், மூன்றாவது வாரம் கற்றுக்கொண்டேன். தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கூட இருந்தவர்கள் உங்களுக்காக என்னென்ன செய்தார்கள் என்று விலகுவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரியாது. விலகிய பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவரும். பெரும்பாலும் மேடையில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அடுத்தது கொஞ்சம் மோசமான தவறு. அதை நான் இரண்டு தவணையில் செய்தேன்.

ஆங்கிலப் பாட்டு மட்டும் பாடினால் ஓட்டலைத் தாண்டிப் போக முடியாது என்று சீக்கிரமே தெரிந்தது. கல்யாணம், பள்ளிக்கூட விழா, சங்க ஆண்டு விழா, எதற்கும் தமிழில் பாட வேண்டும். என்னிடம் இருந்த ஒரே புதுத் தமிழ்ப் பாட்டு முட்டுக்காட்டுப் பாட்டு. ஆர்மோனியம், தபேலா, ஒரு கிட்டார் வைத்துக்கொண்டு அதைப் பாடத் தொடங்கினேன். செங்கல்பட்டில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் அறிவிப்புச் செய்த ஆசிரியர், "அடுத்து, ஜமால் அவர்களே எழுதி இசையமைத்த பாடல்" என்றார். அவர் ஏதோ ஊகத்தில் சொன்னது. மைக் என் கையில் இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பாட்டு தொடங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாடிவிட்டேன். முடிந்ததும் தலைமை ஆசிரியர் மேடை ஏறி வந்து, "பாடறவன் நிறைய பேர் இருக்கான், கட்டறவன் எங்க இருக்கான்?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

அது முதல் தவணை. இரண்டாவது, அதற்கடுத்த நிகழ்ச்சியில். அறிவிப்பாளர் பாட்டுப் பட்டியல் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். முட்டுக்காட்டுப் பாட்டுக்கு எதிரே 'சொந்தப் பாடல்' என்று நானே என் கையால் எழுதினேன். முன்பு மற்றவர் சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவன், இப்போது எழுதியே கொடுத்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் பதினைந்து நாள்கூட இருக்காது.

பிறகு ஒரு வருடம் அப்படியே ஓடியது. அந்தப் பாட்டை வைத்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சென்னையில் இசைத்தட்டு போடும் ஒரு நிறுவனத்துக்காரர் கேள்விப்பட்டு, என்னை நேரில் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கல்பாக்கம் ஊழியர் மன்றத்தில் பொங்கல் விழாவுக்குப் பாடுகிறேன், வாருங்கள் என்று பதில் சொன்னேன். ஏழுமலை அங்கே வேலை பார்க்கிறான் என்பது எனக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆயிரம் பேர் இருக்கிற இடம், அவன் பாட்டுக் கச்சேரிக்கெல்லாம் வரமாட்டான் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஐந்து மணி. திறந்தவெளி. இசைத்தட்டுக்காரர் முதல் வரிசையில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நாலாவது பாட்டுக்கு முன்னால் மன்றச் செயலாளர் என் பட்டியலைப் பார்த்து, "இப்போது ஜமாலின் சொந்தப் பாடல், முட்டுக்காட்டுத் தோணி!" என்றார். கைதட்டல். நான் மைக் முன்னால் வந்து நின்று பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஏழுமலை. சீருடைச் சட்டை, வேலை முடிந்து அப்படியே வந்திருக்கிறான். பக்கத்தில் அவனுடன் வேலை செய்பவர்கள். அவன் முகத்தில் கோபமெல்லாம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆர்மோனியக்காரர் தொடங்கிவிட்டார். எனக்கு இருந்தது எட்டு மாத்திரை நேரம். பாடிவிடலாம், அவன் கத்தி ரகளை செய்கிறவன் இல்லை. தொண்டை சரியில்லை என்று வேறு பாட்டுக்குப் போகலாம். மூன்றாவது வழியும் இருந்தது. கையைக் காட்டி வாத்தியத்தை நிறுத்தினேன்.

"மன்னிக்கணும். இது என் பாட்டு இல்ல. எழுதினதும் மெட்டுப் போட்டதும் ஏழுமலை. என் பழைய குரூப்புல கிட்டார் வாசிச்சவன். உங்க ஆளுதான். அதோ, மூணாவது வரிசையில குந்தினு கீறான்."

ஆயிரம் தலை திரும்பியது. பக்கத்தில் இருந்தவர்கள் அவன் முதுகைத் தட்டினார்கள். "டேய், இன்னாடா இது? சொல்லவே இல்ல!" என்று ஒருவர் கூவினார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது. பாடத் தொடங்கினேன். இரண்டாவது அடி வருவதற்குள் ஏழுமலை எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் முழங்காலைத் தாண்டித் தாண்டி வெளியே போய்விட்டான்.

உண்மையைச் சொல்லிவிட்டோமே, இவன் ஏன் போகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. பாடி முடித்தேன். இசைத்தட்டுக்காரர் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. "யாரு எழுதினா என்ன சார்? பாட்டு ஓடும். அவர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிடுங்க, முடிஞ்சுது" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் போய் நின்றேன். ஏழுமலை வந்தான். என்னைப் பார்த்தான். சைக்கிளை நிறுத்தி, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

"நாஸ்தா ஆச்சா?"

"இல்ல."

"கேன்டீனு அங்க கீது." நடக்கத் தொடங்கினான்.

நான் வழியை மறித்தேன். "ஏழுமலை, நேத்து எல்லாருக்கும் முன்னால உன் பேரத்தான சொன்னேன்? எழுந்து போய்ட்டியே."

"என்னாண்ட கேட்டியா?"

"எத?"

"பாட்ட எடுத்துகின. ஒரு வருசமா பாடிகினு கீற. எனக்குத் தெரியாதா? சரி, போவட்டும்னு வுட்டேன். நேத்து என் பேரையும் எடுத்து மைக்குல போட்டுட்ட. பாட்ட எடுத்தப்பவும் கேக்கல, பேரச் சொன்னப்பவும் கேக்கல. நான் பாட்டு கட்டினவன்னு இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிய வாணாம்னுதான் இருந்தேன். இனிமே தெனம் பேஜாரு. பாடு, பாடும்பானுங்க."

நான் அதை அப்போதுதான் யோசித்தேன். நேற்று அந்த எட்டு மாத்திரைக்குள் நான் எடுத்த முடிவில் அவன் எங்கேயும் இல்லை. என் நெஞ்சு லேசாக வேண்டும், அவ்வளவுதான். தவறைத் திருத்துகிறோம் என்று மேடையில் சொல்வதற்கு முன்னால், யாருக்குத் தவறு செய்தோமோ அந்த ஆளிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டும். வாய்ப்பில்லையா, வாத்தியத்தை நிறுத்தி வேறு பாட்டுக்குப் போயிருக்க வேண்டும். அன்றைக்கு அதுதான் சரியான முடிவு. பேடித்தனம் மாதிரித் தெரிந்திருக்கும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

மன்னிப்புக் கேட்டேன். சரி என்றான். அந்தச் சமயத்திலேயே இசைத்தட்டுப் பேச்சை எடுத்தேன். நல்ல நேரம் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். அவன் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்கிறேன் என்றேன்.

"ரெக்கார்டு வாணாம் மச்சான்."

"ஏன்?"

"அது லவ் பாட்டுன்னு நெனச்சிகினு பாடற. அது எங்க அக்கா. கன்னியம்மா. கழிக்கு அந்தாண்ட கட்டிக் குடுத்தோம். கல்யாணம் முடிஞ்சி இட்டுகினு போறப்ப நானும் தோணியில குந்திகினு இருந்தேன், பத்து வயசு. நடுத் தண்ணிக்குப் போவறதுக்குள்ள, கொஞ்சம் நில்லுன்னு தோணிக்காரனாண்ட கேட்டுது. அவன் நிக்கல. அக்காவக் கட்டின மாமன் நல்லவன் இல்ல. அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒருவேள அன்னைக்குத் தோணி நின்னிருந்தா... அதான் பாட்டு."

நான் மறித்திருந்த வழியை விட்டு விலகினேன். அவன் நகராமல் தொடர்ந்தான்.

"அவுங்க வூட்டுக்கு எதுத்தாப்புல ஒரு டீக்கடை. காலையில இருந்து ரெக்கார்டு போடறான். உன் ரெக்கார்டு வந்தா தெனம் பத்து வாட்டி அதைப் போடுவான். நீ நில்லுன்னு சொல்லி விசிலடிப்ப, அவ வாசல் பெருக்கிகினு கேப்பா. வாணாம் மச்சான்."

"சரி, இனிமே எங்கயும் பாட மாட்டேன்" என்றேன். சங்கு ஊதியது. அவன் உள்ளே போய்விட்டான்.

இரண்டு மாதம் கழித்து இசைத்தட்டுக்காரர் என்னைச் சென்னைக்கு வரச் சொன்னார். வேறு பாட்டு இருக்கிறது என்று ஏற்கெனவே கடிதம் எழுதியிருந்தேன். போனால், கூடத்தில் பதினாலு வாத்தியக்காரர்கள் முட்டுக்காட்டுப் பாட்டின் மெட்டை வாசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கல்பாக்கத்தில் கேட்டதை யாரோ நினைவில் வைத்து எழுதியிருக்கிறார். நன்றாகவே எழுதியிருந்தார். வயலின்கள் சேர்ந்து வரும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"கடுதாசி கிடைக்கல சார்" என்றேன்.

"கிடைக்காட்டி போவுது. ரெண்டு வார்த்தைய மாத்திக்குங்க. தோணிக்காரனை வண்டிக்காரன் ஆக்கிடுங்க. அவரு கேசா போடப் போறாரு?"

"போட மாட்டாரு."

"அப்புறம் என்ன?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். பதினாலு பேர் வாத்தியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிறவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இப்படிப்பட்ட நேரத்தில் பெரிய நியாயம் எதுவும் மனதில் வராது. எனக்கும் வரவில்லை. வந்தது அந்த டீக்கடை. நான் பார்த்திராத டீக்கடை, பார்த்திராத ஒரு பெண்ணின் வாசல்.

"இந்தப் பாட்டு மட்டும் வேணாம் சார்" என்றேன். அதையே நாலைந்து முறை சொன்னேன். காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் பதில் வைத்திருப்பார். 'காரணம் சொல்லிகினு நிக்காத' என்று கிடங்கில் ஏழுமலை சொன்னதன் அருமை அங்கே புரிந்தது.

கடைசியில் அவர் வெறுத்துப்போய், கையில் இருந்த வேறு இரண்டு பாட்டைப் பாட வைத்தார். தட்டு வந்தது. ஓடவில்லை. எங்கள் அத்தா ஒன்றை வாங்கி டிரங்குப் பெட்டிக் கடையில் மாட்டிவைத்தார். அந்த நிறுவனம் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. மேடையில் முட்டுக்காட்டுப் பாட்டை நிறுத்தியதும் கூப்பிடுகிறவர்களும் குறைந்தார்கள். அந்த முடிவால் எனக்கு நல்லது நடந்தது என்று சொல்ல முடியாது. சரியான முடிவு எடுத்தால் நல்லது நடக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். கல்யாண வீட்டுப் பாடகனாக மெதுவாக மறுபடி மேலே வர எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

அந்த மூன்றாவது வருடத்தில் கழிக்கு வடக்கே ஒரு ஊரில், கல்யாணத்தில் பாடப் போனேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கச்சேரி. இடைவேளையில் நாற்பது வயது இருக்கும் ஒரு பெண்மணி, வெற்றிலை போட்ட வாயுடன் நேரே என்னிடம் வந்தார்.

"ஏம்பா, நீதான அந்த ஜமாலு? எங்க தம்பி கூடப் பாடினவன்?"

"உங்க தம்பி?"

"ஏழுமல. கல்பாக்கத்துல கீறானே." அவரே தொடர்ந்தார். "அவன் ஏதோ பாட்டு கட்னானாமே? கல்பாக்கத்துப் பையன் ஒருத்தன் சொன்னான். ஊரெல்லாம் கேட்டுதாம், நான் கேட்டதில்ல. தம்பியாண்ட கேட்டா டபாய்க்கறான். நீ பாடு, கேக்கறேன்."

இதற்கு நான் தயாராக இல்லை. பாட்டுக்கு உரியவள் முன்னால் நிற்கிறாள், கேட்கிறாள். பாட மாட்டேன் என்று நான் ஒப்புக்கொண்டது அவளுக்காகத்தான். ஆனால் ஒப்புக்கொண்டது அவளிடம் அல்ல, அவள் தம்பியிடம்.

"தெரியும்க்கா. ஆனா அத அவன்தான் பாடணும்."

"இன்னாப்பா, பெரிய ரகசியமா கீது!" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போகும்போது முகம் சுண்டிப்போயிருந்தது.

மறுநாள் கல்பாக்கம் பஸ் ஏறினேன். ஏழுமலை குடியிருப்பில் இருந்தான். நடந்ததைச் சொன்னேன். இந்த முறை கேட்காமல் எதையும் செய்யவில்லை என்பதையும் சொன்னேன். அவன் எழுந்து அலமாரிமேல் இருந்த கிட்டாரை இறக்கினான். இரண்டு கம்பிதான் மிச்சம் இருந்தது. "மிச்சக் கம்பிய சாமியா வந்து வாங்கிக் குடுக்கும்? நீ மெட்ராஸ் போனா வாங்கியா" என்றான். அவ்வளவுதான் சம்மதம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் கன்னியம்மாவின் வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். அவருடைய கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எதிர்த்த டீக்கடையில் ரெக்கார்டு அலறிக்கொண்டிருந்தது. அக்கா வாசலுக்குப் போய், "டேய், அத்த கொஞ்சம் நிறுத்துடா!" என்று ஒரு சத்தம் போட்டதும் நின்றது.

புதுக் கம்பி போட்ட கிட்டாரோடு ஏழுமலை பாடினான். நான் பாடியதில் பாதி வேகம். அவனுக்குக் குரல் ஒன்றும் பிரமாதம் இல்லை. மேல் சுரத்தில் கம்மும். 'நில்லு' என்ற இடத்தில் அவன் நிறுத்தவே இல்லை. அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த சொல்லுக்குப் போனான், தோணி நிற்காமல் போனதுபோல. குழுவில் அவன் பக்கத்தில் நின்றும், அதற்குமேல் ஒரு வருடம் தனியாகவும் நான் கூச்சல் போட்ட பாட்டு இதுதான் என்று நம்ப முடியவில்லை.

முடித்துவிட்டு அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா வாயில் இருந்த வெற்றிலையை ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்.

"நல்லா கீதுடா" என்றார். பிறகு, "தோணியில நான் நில்லுன்னு சொன்னனே, அதுவா?"

"ஆமாக்கா."

"அட லூசு! செருப்பு தண்ணில விழுந்துட்சிடா. கல்யாணத்துக்கு வாங்கின புதுச் செருப்பு. மாப்ள வூட்டுக்கு ஒத்தச் செருப்போட எப்பிடிப் போறதுன்னு நில்லுன்னேன்."

ஏழுமலை நிமிர்ந்து பார்த்தான். அக்கா சிரித்தார். முதலில் சும்மா சிரித்தார், பிறகு அடக்க முடியாமல் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஏழுமலைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவர் சொன்னது உண்மையா, தம்பி இத்தனை வருடம் சுமந்ததை இறக்கிவைக்கச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஏழுமலையும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"இன்னொரு வாட்டி பாடு" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, "நீயும்தான். பாட்டுக்காரன்னு சொல்லிகினு சும்மா குந்தினு கீற?"

நான் ஏழுமலையைப் பார்த்து, "பாடட்டுமா?" என்று கேட்டேன்.

"கீழ் சுரத்துல பாடு" என்றான். "விசிலடிச்சின்னா ஒதப்பேன்."

என் வாழ்க்கையில் அதுவரை யாருக்கும் நான் கீழ்க்குரல் கொடுத்ததில்லை. அன்றைக்குக் கொடுத்தேன். முதல் அடியில் கொஞ்சம் தடுமாறினேன். இரண்டாவது அடியில் சரியாகிவிட்டது.